இரண்டாவதாக வந்தவர்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எங்கேயாவது ஒரு போட்டி நடந்தால், ஜெயித்தவன் பெயரையும் வருஷத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவன் புத்தி இரண்டாவதாக வந்தவனையே சுற்றிக்கொண்டிருக்கும். ஜெயித்தவனுக்கு மாலை, மேளம், ஊர்வலம் என்று பல காரியங்கள் இருக்கின்றன. இரண்டாவதாக வந்தவன் வீட்டுக்குப் போய் யோசனை பண்ணுகிறான். எங்களுக்கு வேண்டியது அந்த யோசனைதான்.

அப்படி என் புத்தி சில காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மனிதர் ஒரு ஸ்விட்ஜர்லாந்துக்காரர். பெயர் தாமஸ் பிரிஷ்க்னெக்ட். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். மலை ஏறி இறங்கினாற்போல் இருக்கும். அவருடைய நாட்டாருக்கே அது சிரமமாக இருந்ததோ என்னவோ, 'பிரிஷி' என்று சுருக்கி வைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவருடைய தொழில் சைக்கிள் விடுவது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏறக்குறைய இருபது வருஷ காலம் மலையிலும் காட்டிலும் சைக்கிள் விட்டே சம்பாதித்தவர் அவர்.

நமக்குச் சைக்கிள் என்றால் வேறு ஞாபகங்கள். வாடகைக் கடையில் மணிக்கணக்குப் பேசி எடுத்து வந்து, சீட்டில் உட்காரக் கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பால்காரர், தபால்காரர், ஆபீஸ் குமாஸ்தா ஆகியோரின் வாகனம் அது. அதை எடுத்துக்கொண்டு மலை உச்சிக்குப் போய், பாறையிலும் மரவேரிலும் குதித்து இறங்குவது ஒரு பிழைப்பா என்று நம் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பிழைப்பு எங்கே தொடங்கிற்று என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் பிரிஷியிடம் வருகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே பேர்பாக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1970-களில் சில இளைஞர்கள், தங்கள் தகப்பனார் காலத்துப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். தடித்த டயர், கனமான சட்டம், எருமைக்கடா மாதிரி வண்டிகள். அவற்றை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய் மண்பாதையில் கீழ்நோக்கி விட்டார்கள். 1976-ல் அதையே ஒரு பந்தயமாக்கினார்கள். பாதை இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். இறக்கமோ சுமார் 1,300 அடி. அந்த வண்டிகளில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக்குத்தான் உண்டு. மேலிருந்து கீழே வருவதற்குள் பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். மறுபடி அடைப்பதற்கு இங்கிலீஷில் 'ரீபாக்'. அந்தப் பாதைக்கே 'ரீபாக்' என்று பெயர் வந்துவிட்டது. மாதத்துக்கொரு முறை ஓவராயில் செய்யச் சொல்லும் நம் சைக்கிள் கடைக்காரர்கள் கேட்டால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் இதற்கென்றே புதுச் சட்டம் ஒன்றைக் கட்டினார். டாம் ரிச்சி என்ற இன்னொரு கெட்டிக்காரர் சட்டம் கட்டித் தர, கேரி பிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் அவற்றை விற்கக் கம்பெனி தொடங்கினார்கள். இந்த ரிச்சி பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து நம் பிரிஷி ஓட்டப் போவது அவருடைய வண்டி.

இறங்குவது மட்டும் பந்தயமாக இருந்தால் துணிச்சல்காரர்களின் விளையாட்டாகவே நின்றிருக்கும். ஏறுவதும் சேர்ந்தபோதுதான் 'கிராஸ்-கண்ட்ரி' பிறந்தது. காட்டுக்குள்ளும் மேட்டிலுமாகச் சில மைல் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதை. எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்பி, அதைப் பல சுற்று வர வேண்டும். 1990-களில் ஒரு பந்தயம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும். கிளம்புகிற இடம் அகலமாக இருக்கும். கொஞ்ச தூரத்தில் பாதை ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிடும். அதற்குள் முன்னால் போய் நுழைந்துகொள்ளாதவன், தனக்கு முன்னே தடுமாறுகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஆகவே முதல் இரண்டு நிமிஷம் உயிரைக் கொடுத்து மிதித்துவிட்டு, பாக்கி இரண்டு மணி நேரத்துக்கு மூச்சைக் கடன் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் காலத்து விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. வழியில் வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் ஓட்டுகிறவனே சரிசெய்துகொள்ள வேண்டும். வெளியார் கை படக்கூடாது. சாலைப் பந்தயத்தில் பங்க்சர் ஆனால் பின்னால் காரில் வருகிறவர்கள் புதுச் சக்கரம் மாட்டிவிடுவார்கள். இங்கே அது நடக்காது. முதுகுப் பையில் ஒரு ட்யூப், சின்னப் பம்பு, இரண்டு ஸ்பானர், அவ்வளவுதான் துணை. செயின் அறுந்தால் மண்டியிட்டு உட்கார்ந்து கோத்துக்கொள்ள வேண்டும். ஜெயிக்கப் பிறந்தவர்கள் அருகில் 'விர் விர்' என்று போய்க்கொண்டிருப்பார்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது என்பது அந்தத் தொழிலின் தர்மமாகவே இருந்தது. இதைப் பின்னால் வரப்போகும் விஷயத்தோடு சேர்த்துப் பார்த்தால் கசப்பாக இருக்கும்.

பிரிஷி பிறந்தது 1970-ல். சைக்கிள் அவருக்குப் பிதிரார்ஜிதம். தகப்பனார் பீட்டர் பிரிஷ்க்னெக்ட் பெயர் பெற்ற பந்தய வீரர். 'சைக்ளோ-கிராஸ்' என்று ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நடக்கும் ஒரு பந்தயம் இருக்கிறது. சேறும் சகதியுமான வயல்களில் ஓட்டி, வண்டி போகாத இடத்தில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பந்தயம். பாதி நேரம் மனிதன் சைக்கிளில் போகிறான். பாதி நேரம் சைக்கிள் மனிதன் மேல் போகிறது. அதில் 1976, 1977, 1978 ஆகிய மூன்று வருஷமும் உலகப் பட்டத்தை ஜெயித்தவர் ஆல்பர்ட் ஸ்வைபெல் என்ற ஸ்விட்ஜர்லாந்துக்காரர். மூன்று வருஷமும் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் பீட்டர்.

அப்போது பையனுக்கு ஆறு, ஏழு, எட்டு வயது. வீட்டு அலமாரியில் மூன்று வெள்ளிப் பதக்கங்கள். அதைப் பார்த்து வளர்ந்த பையன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எழுதினால் அது நாவலாகிவிடும். சரித்திரத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

மலைச் சைக்கிளுக்கென்று சர்வதேசச் சைக்கிள் சங்கம் முதன்முதலாக உலகப் பட்டப் பந்தயம் நடத்தியது 1990-ல். இடம் அமெரிக்காவில் கொலராடோ மலைகளில் உள்ள டுராங்கோ. அதே ஊரில் வசித்து, அதே மலைகளில் பழகிய நெட் ஓவரெண்ட் என்பவர் ஜெயித்தார். அவருக்கு வயது 35. இரண்டாவதாக வந்தவர் இருபது வயது பிரிஷி. சொந்த ஊர்க்காரரிடம், அதுவும் தகப்பனாரில் பாதி வயதாவது ஆனவரிடம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வயது இருக்கிறது, அடுத்த வருஷம் இருக்கிறது.

அடுத்த வருஷம் 1991. இத்தாலியில் சியோக்கோ என்ற இடம். ஜெயித்தவர் ஜான் டோமாக் என்ற அமெரிக்கர். சாலையிலும் காட்டிலும் இறக்கத்திலும் எதிலும் வல்லவர், அந்நாளைய பிள்ளைகள் சுவரில் படம் ஒட்டி வைத்துக்கொண்டவர். இரண்டாவது பிரிஷி. அதற்கடுத்த 1992-ல் கனடாவில் பிரோமோன். ஜெயித்தவர் ஹென்ரிக் யெர்னிஸ் என்ற டேனிஷ்காரர். இரண்டாவது பிரிஷி.

தகப்பனாருக்கு வரிசையாக மூன்று. மகனுக்கும் வரிசையாக மூன்று. நான் ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால், 'இது கொஞ்சம் செயற்கையாக இருக்கிறதே, ஐயா' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இதனால் பிரிஷியைத் துரதிர்ஷ்டசாலி என்றோ, சக்தி போதாதவர் என்றோ எண்ணிவிடக் கூடாது. உலகப் பட்டம் என்பது வருஷத்தில் ஒரு நாள் நடக்கும் பந்தயம். அதைத் தவிர 'உலகக் கோப்பை' என்று ஒன்று 1991-லிருந்து நடக்கிறது. வருஷம் முழுவதும் பல நாடுகளில் ஓடி, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மார்க்கைக் கூட்டிப் பார்த்து முதல்வர் யார் என்று தீர்மானிப்பார்கள். அந்தக் கோப்பையைப் பிரிஷி 1992, 1993, 1995 ஆகிய மூன்று வருஷங்களில் ஜெயித்தார். வகுப்பில் எல்லா மாதமும் முதல் மார்க் வாங்கிவிட்டுப் பெரிய பரீட்சையன்று மட்டும் இரண்டாவதாகும் பையனை எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் பார்த்திருப்பீர்கள். உபாத்தியாயருக்குத் தெரியும் யார் கெட்டிக்காரன் என்று. ஆனால் போர்டில் ஒட்டுவது பரீட்சை முடிவைத்தானே?

இந்தத் தொழிலில் போர்டில் ஒட்டும் அந்த முடிவுக்கு ஒரு சட்டையும் உண்டு. உலகப் பட்டம் ஜெயித்தவருக்கு வெள்ளைப் பனியன் ஒன்று தருகிறார்கள். மார்பைச் சுற்றி நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து வர்ணப் பட்டைகள். 'வானவில் பனியன்' என்று அதற்குப் பெயர். ஜெயித்தவர் அடுத்த ஒரு வருஷம் அதே வகைப் பந்தயம் எங்கே ஓடினாலும் அதைத்தான் அணிந்து ஓட வேண்டும். மற்றவர்கள் கம்பெனிக்காரன் பெயர் எழுதிய சட்டையோடு ஓடும்போது, இவர் மட்டும் தூரத்திலிருந்தே தெரிவார். அதைப் பார்த்துத்தான் கூட்டம் பெயர் சொல்லிக் கூவும். அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் அடுத்த வருஷத்துச் சம்பளம் பேசுவார்கள். வருஷம் முடிந்து பனியன் வேறொருவரிடம் போன பின்பும், கழுத்து ஓரத்திலும் கை ஓரத்திலும் அந்தப் பட்டைகளை ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். ராஜாங்கம் போனாலும் கிரீடத்தின் கரை மிச்சம்.

1996-ம் வருஷத்துக்கு வருகிறேன். அந்த வருஷந்தான் மலைச் சைக்கிளை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். பேர்பாக்ஸ் இளைஞர்கள் கிரீஸ் புகைய இறங்கிய நாளிலிருந்து இருபதே வருஷம். அட்லாண்டா நகருக்கு வெளியே கோனியர்ஸ் என்ற ஊரில், குதிரைகளுக்காக அமைத்த மைதானத்தில், ஜூலை 30-ந்தேதி பந்தயம். ஜார்ஜியா மாகாணத்து ஜூலை வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சித்தப்பா பிள்ளை. அந்தப் புழுக்கத்தில் ஹாலந்துக்காரர் பார்ட் பிரெண்டியென்ஸ் தனியே பிரிந்து போய் ஜெயித்தார். இரண்டரை நிமிஷத்துக்கு மேல் கழித்து இரண்டாவதாக வந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒலிம்பிக் வெள்ளி என்பது சாமான்யமா? இல்லை. இருந்தாலும் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் உலோகம் அது.

இரண்டு மாதம் ஆவதற்குள் உலகப் பட்டப் பந்தயம் வந்தது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஓரத்தில், உஷ்ணப் பிரதேசத்துக் காடுகள் சூழ்ந்த கெய்ன்ஸ் நகரில் நடந்தது. பிரிஷிக்கு வயது 26. கால்களில் பலமும் தலையில் அனுபவமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வயது. பந்தயத்தில் ஜெயித்தவர் ஜெரோம் ஷியோட்டி என்ற பிரெஞ்சுக்காரர், 24 வயது. பிரிஷி இரண்டாவது.

ஷியோட்டிக்கு வானவில் பனியன் போட்டார்கள். பிரெஞ்சு தேசிய கீதம் வாசித்தார்கள். பிரிஷி பக்கத்துப் படியில் நின்றார். பட்டியலில் எழுதியாயிற்று. சரித்திரக்காரர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் வைத்திய சாஸ்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சிறுநீரகத்தில் ஒரு ரஸம் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையிடம் போய், 'இன்னும் கொஞ்சம் சிவப்பணு செய்' என்று உத்தரவு கொடுப்பது அதன் வேலை. மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து போவது அந்தச் சிவப்பணுக்கள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இந்த ரஸம் குறைந்து ரத்தசோகை வரும். அவர்களுக்காக விஞ்ஞானிகள் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். 1980-களின் கடைசியில் மருந்தாக வந்தது. சுருக்கமாக இ.பி.ஓ. என்பார்கள். எத்தனையோ நோயாளிகளுக்குத் தெம்பு கொடுத்த நல்ல மருந்து. நோயில்லாதவன் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் சிவப்பணு ஏறுகிறது. மலை ஏறும்போது மற்றவர்களுக்கு மூச்சு முடிகிற இடத்தில் அவனுக்கு முடிவதில்லை. ரத்தம் குழம்பு மாதிரி தடித்து இருதயம் நிற்கக்கூடிய ஆபத்தும் உண்டு. ஜெயிக்கும் வெறியில் அதை யார் பார்க்கிறார்கள்?

இதில் விசேஷம் என்னவென்றால், 1996-ல் இந்த மருந்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே கிடையாது. உடம்பே சுரக்கும் ரஸத்துக்கும் ஊசியில் ஏற்றிய ரஸத்துக்கும் வித்தியாசம் சொல்ல ஆள் இல்லை. 1997-ல் சர்வதேசச் சங்கம் ஒரு விதி செய்தது. ஆண்களின் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 50-க்கு மேல் போனால் பதினைந்து நாள் ஓய்வு. குற்றம் என்று சொல்லவில்லை. 'உடல்நலத்தை முன்னிட்டு' ஓய்வு! திருடனைப் பிடிக்க முடியாத ஊரில், ஒரு மூட்டைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் நிறுத்துவோம் என்று தண்டோரா போட்டது போல இருக்கிறது. 49 வரைக்கும் போகலாம் என்று சிலர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அடுத்த வருஷம், 1998-ல், பிரான்ஸைச் சுற்றும் பெரிய சாலைப் பந்தயத்துக்கு முன்பாக, பெஸ்டினா என்ற அணியின் காரை எல்லையில் சுங்கக்காரர்கள் நிறுத்தினார்கள். வண்டி நிறைய மருந்து. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போதும். அந்த அணியைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றினார்கள். அணியின் நட்சத்திரமான ரிஷார் விராங்க், தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். மேலும் இரண்டு வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி ஷியோட்டி. 2000-ம் வருஷம் ஏப்ரல் மாதம் பிரான்ஸில் 'வேலோ வேர்' என்ற மலைச் சைக்கிள் பத்திரிகையில் ஒரு பேட்டி வெளிவந்தது. 1996-ல் கெய்ன்ஸில் நான் ஜெயித்தது இ.பி.ஓ. போட்டுக்கொண்டுதான் என்று ஷியோட்டி அதில் சொல்லிவிட்டார்.

யாரும் அவரைப் பிடிக்கவில்லை. எந்தப் பரிசோதனையும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய ரத்தத்தை இனி யாரும் பார்க்கப் போவதும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் அவர் பெயர்தான் பட்டியலில் இருக்கும். ஓய்வு பெற்ற கிழவர் மரணப் படுக்கையில் சொன்ன சங்கதி அல்ல இது. 28 வயசுக்காரர் சொன்னது. பேட்டியோடு நிற்கவில்லை. பதக்கத்தையும் வானவில் பனியனையும் எடுத்து, இவை உமக்குச் சேர வேண்டியவை என்று பிரிஷியிடமே ஒப்படைத்துவிட்டார்.

மறு வருஷம் ஒரு புத்தகமும் எழுதினார். 'என் முழுச் சம்மதத்தோடு' என்று அதன் தலைப்புக்குத் தமிழில் அர்த்தம் சொல்லலாம். அதில் ஒரு குத்தல் இருக்கிறது. விராங்க் கதையைப் பரிகாசம் செய்து பிரெஞ்சு டெலிவிஷனில் ஒரு பொம்மலாட்டம் போட்டார்கள். 'என் முழுச் சம்மதம் எனக்கே தெரியாமல் நடந்துவிட்டது' என்கிற மாதிரி ஒரு பேச்சை விராங்க் பொம்மையின் வாயில் வைத்தார்கள். நாடே அதைச் சொல்லிச் சிரித்தது. ஷியோட்டி அந்தப் பேச்சின் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் புத்தகத்துக்கு வைத்தார். அசல் விராங்க் கோர்ட்டில் நின்று உண்மையை ஒப்புக்கொண்டது 2000-ம் வருஷம் அக்டோபரில். அதற்குள் ஷியோட்டி சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஷியோட்டியை மகாத்மா ஆக்க எனக்கு உத்தேசமில்லை. திருடியது அவர்தான். நாலு வருஷம் அந்தப் பெயரோடு, அந்தப் பெயரின் சம்பாத்தியத்தோடு இருந்தவரும் அவர்தான். ஆனாலும் இந்த விளையாட்டின் சரித்திரத்தில் பிடிபடாமலே உண்மை சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், ஒரு கை விரல்களுக்கே வேலை குறைவு என்பது என் அபிப்பிராயம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய சங்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, குற்றவாளியே தீர்ப்பு எழுதி அதை நிறைவேற்றவும் செய்தார். அந்த அளவுக்கு அவருக்கு நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

பிரிஷிக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

நம் ஊரில் பங்காளி வழக்கு நடக்கிறது. முனிசீப் கோர்ட்டு, ஜில்லாக் கோர்ட்டு, ஹைகோர்ட்டு என்று அலைந்து கடைசியில் நிலம் உனக்குத்தான் என்று டிகிரி ஆகிறது. நடுவில் எதிரி அனுபவித்த விளைச்சல்? அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. இடைக்கால லாபம் என்று கணக்குப் போட்டு வசூல் செய்யலாம். பிரிஷியின் வழக்கில் நிலம் வந்தது. இடைக்கால லாபத்துக்கு வழியில்லை. வானவில் பனியன் ஒரு வருஷம் அணிந்து ஓடுவதற்காக ஏற்பட்ட சட்டை. அந்த வருஷம் 1997-ல் முடிந்துவிட்டது. 2000-ல் கைக்கு வந்த பனியனை அலமாரியில் வைக்கலாம். அணிந்து ஓட முடியாது. கெய்ன்ஸில் ஸ்விட்ஜர்லாந்து தேசிய கீதம் வாசித்திருக்க வேண்டிய இரண்டு நிமிஷம் போனது போனதுதான். அந்த வருஷம் உலகச் சாம்பியன் என்ற பெயரில் பேசியிருக்கக்கூடிய சம்பளம், காட்டு வழி நெடுக நின்ற ஜனங்கள் கூவியிருக்கக்கூடிய பெயர், இவற்றையெல்லாம் எந்தத் தபாலில் அனுப்ப முடியும்?

அன்று மூன்றாவதாக வந்தவர் இரண்டாவதாகவும், நாலாவதாக வந்து வெறுங்கையோடு போனவர் மூன்றாவதாகவும் இருந்திருக்க வேண்டும். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் ஒரு வாக்கியத்தோடு விட்டுவிடுகிறேன். ஒரு திருட்டில் எத்தனை வீடு கொள்ளை போகிறது என்பதற்குச் சொன்னேன்.

அந்தக் காலத்துப் பட்டியல் இன்னும் எப்படி இருக்கிறது தெரியுமா? 1999-ல் உலகப் பட்டம் ஜெயித்தவர் மைக்கேல் ராஸ்முஸென் என்ற டேனிஷ்காரர். 1998 முதல் 2010 வரை மருந்து எடுத்துக்கொண்டேன் என்று 2013-ல் அவரே சொன்னார். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. மருந்து போட்டவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. பேட்டி கொடுக்கிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள். போடாதவர்கள் எழுத என்ன இருக்கிறது? ஐந்தாவதாக வந்தேன், ஏழாவதாக வந்தேன் என்று எழுதினால் யார் அச்சுப் போடுவார்கள்?

பிரிஷி புத்தகத்தை நம்பி இருக்கவில்லை. தொடர்ந்து ஓடினார். 2003-ல் சைக்கிள் சங்கம் மலைச் சைக்கிளுக்கு இன்னொரு உலகப் பட்டம் ஏற்படுத்தியது. 'மாரத்தான்' என்று பெயர். சுற்றிச் சுற்றி வராமல் பல மணி நேரம் மலைகளைக் கடந்து போகும் நெடும்பந்தயம். முதல் வருஷம் அதை நடத்தியது ஸ்விட்ஜர்லாந்தில், லுகானோ நகரில். பிரிஷிக்கு அப்போது வயது 33; டுராங்கோவில் அவரை ஜெயித்த ஓவரெண்டின் வயதுக்கு இரண்டு குறைவு. பந்தயத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தவர் அவர்தான்.

இந்தத் தடவை பேட்டி, பத்திரிகை, தபால் ஒன்றும் தேவைப்படவில்லை. கோட்டைத் தாண்டிய அன்றைக்கே, சொந்த நாட்டு ஜனங்கள் பார்க்க, வானவில் பனியனைத் தலை வழியே மாட்டிக்கொண்டார். முதல் பந்தயத்தில் இருபது வயதில் விட்டதைப் பிடிக்கப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

அதே லுகானோவில் அந்த வருஷம் கிராஸ்-கண்ட்ரி உலகப் பட்டத்தை ஜெயித்தவர் பெல்ஜியத்துக்காரர் பிலிப் மெயர்ஹேக். அடுத்த வருஷம் 2004-ல் அவர் இ.பி.ஓ. பரிசோதனையில் சிக்கி, குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்குள் பரிசோதனை வந்துவிட்டிருந்தது. 2000-ல் ஸிட்னி ஒலிம்பிக்கில் அதை முதன்முதலாக உபயோகித்தார்கள். கெய்ன்ஸ் பந்தயத்துக்கு நாலு வருஷம் பிந்தி, அதே ஆஸ்திரேலியாவில்.

பிரிஷி ஓடுவதை 2008-ல் நிறுத்தினார். அதற்கு முன்பே ஓர் அணியைச் சேர்த்து நடத்தத் தொடங்கியிருந்தார். அதில் வந்து சேர்ந்த மலைநாட்டுப் பையன் நினோ ஷூர்ட்டர். கிராஸ்-கண்ட்ரி உலகப் பட்டத்தை 2009-க்கும் 2022-க்கும் இடையே பத்துத் தடவை ஜெயித்து, 2025-ல் ஓய்வு பெற்றார். பத்து வானவில் பனியன்! குருவுக்கு ஒன்று தபாலிலும் ஒன்று நேரிலும் கிடைத்த இடத்தில் சிஷ்யனுக்குப் பெட்டி கொள்ளாமல் கிடைத்தது.

அந்தச் சிஷ்யனுக்கும் குலதெய்வம் ஒரு நாள் முகம் காட்டாமல் விடவில்லை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக். கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பம் வரை ஷூர்ட்டரும் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹவியும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். முடிவில் குல்ஹவி ஒரே விநாடி முந்தினார். ஷூர்ட்டருக்கு வெள்ளி. நாலு வருஷம் கழித்து 2016-ல் ரியோவில் ஷூர்ட்டர் முதல், குல்ஹவி இரண்டாவது.

தாமஸின் மகன் ஆண்ட்ரியும் அப்போது அதே தொழிலுக்கு வந்துவிட்டிருந்தார். தகப்பனார் நடத்தும் அணியிலேயே சேர்ந்து ஓடினார். வீட்டில் அது மூன்றாவது தலைமுறை.